மேகதாதுவில் அணை கட்டினால் தமிழ்நாட்டுக்கு என்ன நஷ்டம்?

கேள்வி இதுதான்: மேகதாது கர்நாடகத்துக்குள் இருக்கிறது. பணம் போடுவது கர்நாடகம். மூழ்கப்போவதும் அவர்களுடைய காடுதான். உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) ஆண்டுதோறும் கொடுத்துவிடுகிறோம் என்றும் சொல்கிறார்கள். அப்புறம் தமிழ்நாடு ஏன் குறுக்கே நிற்கிறது? ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மாநிலம், மேலே இருக்கும் மாநிலம் வளர்வதைத் தடுக்க முடியுமா?

நியாயமான கேள்வி. இதற்கு நம் மேடைகளில் கிடைக்கும் பதில் "டெல்டா பாலைவனமாகிவிடும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. கர்நாடக மேடைகளில் "நம் தண்ணீர், நம் உரிமை" என்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, தண்ணீர் எந்த வழியாக, எந்த மாதம் வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்நாடகம் காவிரியில் எதுவுமே கட்டக் கூடாது என்று சொல்லும் உரிமை தமிழ்நாட்டுக்கு இல்லை. அந்த இடத்தில், அந்தக் கொள்ளளவில், மதகைத் திறப்பதும் மூடுவதும் தன் விருப்பம் என்று வைத்துக்கொண்டு கட்டும் உரிமை கர்நாடகத்துக்கும் இல்லை. சண்டை தண்ணீரின் அளவைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் அது பற்றாக்குறை ஆண்டில் ஜூன், ஜூலை மாதங்களில் மதகு யார் கையில் என்பதைப் பற்றியது.

முதலில் திட்டம். அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் சங்கமத்துக்குச் சற்றுக் கீழே, காவிரி ஒரு குறுகலான பாறை இடுக்கில் நுழையும் இடம் மேகதாது. அங்கே 67.16 டிஎம்சி கொள்ளளவில் 'சமநிலை நீர்த்தேக்கம்' ஒன்றைக் கட்டி, பெங்களூருக்குக் குடிநீராக 4.75 டிஎம்சி எடுப்பது, 400 மெகாவாட் மின்சாரம் தயாரிப்பது என்பது கர்நாடகத்தின் திட்டம். 2019-ல் கொடுத்த விரிவான திட்ட அறிக்கையில் செலவு சுமார் 9,000 கோடி ரூபாய். மூழ்கும் பரப்பு ஏறத்தாழ 5,000 ஹெக்டேர். அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடும்.

67 டிஎம்சி என்பது எவ்வளவு பெரியது? கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் (கேஆர்எஸ்) அணையின் கொள்ளளவு சுமார் 49 டிஎம்சி. கபினி 19.5. இந்த இரண்டையும் சேர்த்தால் வருவதற்குக் கொஞ்சம் குறைவான அளவில், அவற்றுக்குக் கீழே, தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில், இன்னோர் அணை. நம் மேட்டூர் 93.47. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த 177.25. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று கொடுத்த இறுதித் தீர்ப்பில் ஆற்றின் மொத்த நீரை 740 டிஎம்சி என்று எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. தமிழ்நாட்டுப் பங்கில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்குள்ளேயே பெய்யும் மழையிலிருந்தும் பவானி, அமராவதி போன்ற துணையாறுகளிலிருந்தும் கிடைப்பது. கர்நாடகத்திலிருந்து எல்லையில் வந்து சேர வேண்டியது 192 என்றது மன்றம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 கூட்டிக் கொடுத்தது. அதில் 10 டிஎம்சிக்குக் காரணம் தமிழ்நாட்டின் நிலத்தடி நீர். மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அப்படித்தான் 192 குறைந்து 177.25 ஆனது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. 177.25 என்பது வருடக் கடைசியில் கூட்டிப் பார்க்கும் எண் மட்டும் இல்லை. மாதவாரிப் பட்டியல் இருக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22 என்று இறங்கி, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. இந்தப் பட்டியலுக்கு ஒரு பயிர் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அதன் பின்னால் சம்பா, தாளடி. ஜூலைத் தண்ணீரை அக்டோபரில் கொடுத்தால் வருடக் கணக்கு நேராகிவிடும். குறுவை நேராகாது.

அளக்கும் இடம் பிலிகுண்டுலு. கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில், ஒகேனக்கல்லுக்கு மேலே மத்திய நீர்வள ஆணையம் வைத்திருக்கும் அளவு நிலையம். கர்நாடகம் 'திறந்துவிட்டோம்' என்று சொல்வது கணக்கில் வராது, இங்கே வந்து சேர்ந்ததுதான் வரும். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டால் செய்திகளில் வரும் பாதி சண்டை புரிந்துவிடும். 2023 செப்டம்பரில், தீர்ப்பை நடைமுறைப்படுத்த அமைத்த காவிரி மேலாண்மை ஆணையம் 15 நாளுக்கு நொடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொன்னது. பெருக்கிப் பாருங்கள்: 6.48 டிஎம்சி. அந்த மாதத்துக்குப் பட்டியலில் இருப்பது 36.76. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் தண்ணீருக்காக 26-ஆம் தேதி பெங்களூரில் பந்த், 29-ஆம் தேதி கர்நாடகம் முழுக்க பந்த். இங்கே மேட்டூரை அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று.

சரி, அந்த 177.25 எங்கிருந்து வருகிறது? கேஆர்எஸ் மதகைத் திறந்து, கபினி மதகைத் திறந்து வருவது ஒரு பகுதி. இன்னொரு பகுதியை யாரும் திறப்பதில்லை. அந்த இரண்டு அணைகளுக்கும் கீழே, பிலிகுண்டுலுவுக்கு மேலே இருக்கும் நிலப்பரப்பில் பெய்யும் மழை சிம்ஷா, அர்க்காவதி, சுவர்ணவதி வழியாகவும் சின்னச் சின்ன ஓடைகள் வழியாகவும் காவிரியில் இறங்கித் தானாக வருகிறது. அந்தத் துணையாறுகளில் சிறு தேக்கங்கள் உண்டு. ஆனால் காவிரியின் போக்கில் அதைத் தடுத்து நிறுத்தும் பெரிய அணை கிடையாது. கட்டுப்படுத்தப்படாத நீர்ப்பிடிப்புப் பகுதி என்று கோப்புகளில் இதற்குப் பெயர். தமிழ்நாடு சொல்லும் கணக்குப்படி பழைய 192-ல் இந்தப் பங்கு 80 டிஎம்சி.

மேகதாது இருப்பது இந்தத் துணையாறுகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு. அங்கே ஒரு கதவு வைத்தால், இதுவரை யார் தயவும் இல்லாமல் வந்துகொண்டிருந்த தண்ணீரும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். தமிழ்நாட்டின் எதிர்ப்பில் சாரம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

நல்ல மழை ஆண்டில் இதனால் ஒன்றும் ஆகாது. 2022-23-ல் பிலிகுண்டுலுவைக் கடந்தது 600 டிஎம்சிக்கு மேல். 67 டிஎம்சி நிரம்பி வழிய சில நாள் போதும். பிரச்சினை மறு ஆண்டில் வந்தது. 2023-24-ல் வந்த தண்ணீர் 177.25-ல் பாதியைக்கூட எட்டவில்லை. மேலே அணைகள் காலியாக இருக்கும் ஆண்டில் ஜூன் மாத மழை முதலில் அவற்றை நிரப்பப் போகும். அப்போது கீழே தானாக வரும் நீர்தான் குறுவைக்கு ஆதாரம். அந்த இடத்தில் 67 டிஎம்சி காலிப் பாத்திரம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றால்? ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியதே 86.38 டிஎம்சிதான்.

கால நெருக்கடி எவ்வளவு என்பதற்கு 2024 ஜூலை நல்ல உதாரணம். அந்த மாதம் 12-ஆம் தேதியிலிருந்து தினமும் ஒரு டிஎம்சி திறக்கும்படி, மேலாண்மை ஆணையத்தின் கீழ் இருக்கும் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு சொன்னது. கர்நாடகம் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு, 8,000 கன அடிதான் முடியும் என்றது. கோபம், கண்டனம், கடிதம் எல்லாம் நடந்தன. அதற்குள் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியது. கேஆர்எஸ்ஸும் கபினியும் தாங்கவில்லை. ஜூலை 30-ல் மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது. மூன்றே வாரத்தில் பற்றாக்குறை வெள்ளமானது. ஆனால் டெல்டாவில் குறுவைக்கு நாற்றங்கால் விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய நாட்கள் அதற்கு முன்பே போய்விட்டன. அந்த வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை.

இப்போது கர்நாடகத்தின் பக்கம். அவர்களிடம் ஒரு பலமான வாதம் இருக்கிறது, நம் ஊர் விவாதங்களில் அது அநேகமாக வருவதே இல்லை. மேகதாது ஒரு பள்ளத்தாக்கு. கர்நாடகத்தின் பாசன நிலங்கள் மாண்டியா, மைசூரு பக்கம், அதைவிட உயரத்தில் இருக்கின்றன. அங்கே தேங்கும் நீரைக் கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோக வழியில்லை. பெங்களூருக்கு பம்ப் வைத்து ஏற்றலாம், மீதியைக் கீழேதான் விட முடியும். கீழே இருப்பது தமிழ்நாடு. "ஆகஸ்டு வெள்ளத்தைப் பிடித்துவைத்து, பற்றாக்குறை மாதத்தில் உங்களுக்கே விடுவோம், மாதப் பட்டியலை ஒழுங்காகக் கடைப்பிடிக்க எங்களுக்கு இதுதான் உதவும்" என்கிறார்கள். காதில் விழுந்ததும் சரியென்றுதான் தோன்றும்.

ஆனால் இதில் ஒரு மாற்றுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு பிலிகுண்டுலுக் கணக்கை நிறைவேற்ற கேஆர்எஸ்ஸிலிருந்து தண்ணீர் விட்டே ஆக வேண்டும். நாளை மேகதாதுவில் 67 டிஎம்சி நிற்கிறது என்றால், அந்தக் கணக்கை அங்கிருந்தே தீர்த்துவிடலாம். அப்படித் தீர்த்தால் கேஆர்எஸ், ஹேமாவதி அணைகளின் தண்ணீர் மேலேயே மிஞ்சும். மேகதாது நீரை வயலுக்கு ஏற்ற முடியாது என்பது உண்மைதான், ஆனால் அது விடுவித்துக் கொடுக்கும் கேஆர்எஸ் நீர் தாராளமாக வயலுக்குப் போகும். அதாவது அணை பள்ளத்தில், பாசனம் மேட்டில். கர்நாடகம் தன் 284.75 டிஎம்சிக்குள் நிற்கும்வரை அதில் தவறில்லை. நின்றதா, தாண்டியதா என்று பார்ப்பது யார்? பிலிகுண்டுலுவில் அளவு நிலையம் இருக்கிறது. மேலே ஒவ்வொரு கால்வாயிலும், ஒவ்வொரு ஏற்றுப் பாசனத் திட்டத்திலும் இரண்டு பக்கமும் நம்புகிற மாதிரி அளவீடு இருக்கிறதா என்பதில்தான் சந்தேகமே. இதே சந்தேகத்தை அவர்களும் நம் பக்கம் திருப்பிக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள்.

குடிநீர் வாதம் அவ்வளவு பலமானது இல்லை. 4.75 டிஎம்சிக்கு 67 டிஎம்சி அணை எதற்கு என்ற கேள்விக்கு 'மின்சாரம், சமநிலை' என்ற பதில்தான் வருகிறது. பெங்களூருக்குக் காவிரி நீர் இப்போதும் மேகதாதுவுக்கு மேலே தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையம் வழியாகத்தான் போகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய அந்தக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர், ஆண்டுக்குச் சுமார் 10 டிஎம்சி. அதற்கு எந்தப் புது அணையும் தேவைப்படவில்லை. 'அனுமதித்த 4.75-ஐ எப்போதோ தாண்டிவிட்டார்களே' என்று உடனே குதிக்க வேண்டாம். நடுவர் மன்றக் கணக்கில் குடிநீராக எடுப்பதில் 20 சதவீதம்தான் செலவு, மீதி 80 சதவீதம் கழிவுநீராக ஆற்றுக்கே திரும்புகிறது என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த 80 சதவீதம் எப்படித் திரும்புகிறது என்பது தனிக் கதை. பெங்களூரின் ஒரு பக்கத்துக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமத்தில் காவிரிக்கு வருகிறது. சங்கமத்துக்குக் கீழே எது? மேகதாது. நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் ஆற்றை அணை கட்டித் தேக்கி, அதையே நகரத்துக்கு மறுபடி ஏற்றுவதாகத் திட்டம். இன்னொரு பக்கத்துக் கழிவு காவிரிக்கே வருவதில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் காவிரிக்குத் திரும்பியதாக எழுதிய தண்ணீர் அது.

ஆவியாகும் நீரையும் யாரும் பேசுவதில்லை. 5,000 ஹெக்டேர் பரப்பு வருடம் முழுக்க நிரம்பி நின்று ஒன்றரை மீட்டர் ஆவியானால் சுமார் 2.6 டிஎம்சி போய்விடும். முழுக்க நிற்காது என்பதால் நிஜத்தில் குறையும். இருந்தாலும் அது யார் பங்கில் கழியும் என்று எழுதிவைக்க வேண்டிய அளவுதான். பெங்களூருக்காகக் கேட்பதே 4.75.

சட்டத்துக்கு வருவோம். 'என் எல்லைக்குள் ஓடும் ஆறு, என் இஷ்டம்' என்ற கொள்கைக்கு ஹார்மன் கோட்பாடு என்று பெயர். 1895-ல் ரியோ கிராண்டே ஆற்று நீர் குறித்து மெக்சிகோ புகார் சொன்னபோது, அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜட்சன் ஹார்மன் கொடுத்த கருத்து அது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவே அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1906-ல் மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் தண்ணீர் தருவதாக உடன்படிக்கை போட்டுக்கொண்டது. இதற்கு நேர் எதிர்க் கொள்கையும் உண்டு: ஆறு தன் இயல்பான போக்கில், அளவு குறையாமல் எனக்கு வந்தாக வேண்டும் என்று கீழே இருப்பவர் கேட்பது. அதை அப்படியே ஏற்றால் மேலே இருப்பவர் ஒரு ஏரிகூட வெட்ட முடியாது. 1966-ன் ஹெல்சிங்கி விதிகள் இரண்டையும் தள்ளிவிட்டு, நியாயமான பகிர்வு என்பதைப் பிடித்தன. 2018 தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றமும் அந்த வழியில்தான் போனது. ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமில்லை, அது தேசியச் சொத்து என்றது.

தமிழ்நாட்டில் இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கும் 1892, 1924 ஒப்பந்தங்கள் இந்த இடத்தில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. சென்னை மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் மைசூர் சமஸ்தானம் புதிய பாசனத் தேக்கம் கட்டக் கூடாது என்றது 1892 ஒப்பந்தம். கண்ணம்பாடி (கேஆர்எஸ்) அணைச் சண்டை, நடுவர் கிரிஃபினின் தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் முடிந்து 1924-ல் வந்த ஒப்பந்தத்தால்தான் அங்கே கேஆர்எஸ்ஸும் இங்கே மேட்டூரும் எழுந்தன. 50 ஆண்டுக்குப் பிறகு மறுபரிசீலனை என்று அதில் எழுதியிருந்தது. 1924 ஒப்பந்தம் செல்லாதது இல்லை, ஆனால் 1974-ல் முடிந்துபோனது என்பதுதான் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துப் போனபோதும், 2019 நவம்பரில் தமிழ்நாட்டின் இடைக்கால மனு தள்ளுபடியானது. ஆக, 'எங்களைக் கேட்காமல் கட்டக் கூடாது' என்ற பழைய பல்லவி நீதிமன்றத்தில் எடுபடுவதில்லை.

எடுபடக்கூடியது நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு பிரிவு, தீர்ப்புக்கு முரணில்லாத வகையில் தன் எல்லைக்குள் நீரைப் பயன்படுத்தும் மாநிலத்தின் அதிகாரம் குறையாது என்கிறது. கர்நாடகம் இதைக் காட்டும். இன்னொரு பிரிவு, கீழ் மாநிலத்துக்குக் குறித்த காலத்தில் போக வேண்டிய நீரைப் பாதிக்கும் எந்தச் செயலையும் மேல் மாநிலம் செய்யக் கூடாது என்கிறது. தமிழ்நாடு இதைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வருவது ஒன்றுதான்: அணை கட்டுவது குற்றமில்லை, பட்டியலைக் குலைப்பது குற்றம். அந்த அணை பட்டியலைக் குலைக்குமா என்பதைத் தொழில்நுட்ப ரீதியாக நிரூபிக்க வேண்டும்.

நீதிமன்றமும் இங்கேதான் வந்து நின்றது. 2018 நவம்பரில் மத்திய நீர்வள ஆணையம் திட்ட அறிக்கை தயாரிக்க அனுமதி கொடுத்தபோதே, காவிரி மேலாண்மை ஆணையத்தின் ஏற்பு முன்நிபந்தனை என்று சொல்லியிருந்தது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது, உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2019 ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு, இரண்டு மாநிலங்களும் இணக்கமான தீர்வுக்கு வரட்டும் என்று கோப்பைத் தள்ளிவைத்தது. 2025 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டின் மனு இப்போதைக்கு முதிராதது என்று முடித்துவைத்தது. தமிழ்நாட்டின் ஆட்சேபங்களையும் மேலாண்மை ஆணையம், ஒழுங்காற்றுக் குழு ஆகியவற்றின் கருத்தையும் கேட்டு மத்திய நீர்வள ஆணையம் முடிவெடுக்கட்டும் என்பது அதன் நிலை. பெங்களூரில் இதை வெற்றி என்றார்கள், சென்னையில் தோல்வி இல்லை என்றார்கள். என்னைக் கேட்டால், சண்டை வக்கீல்களிடமிருந்து பொறியாளர்களிடம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் தமிழ்நாட்டுக்குச் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு. 740 டிஎம்சி என்பது 50 சதவீத நம்பகத்தன்மையில் எடுத்த எண். நூறு ஆண்டில் ஐம்பது ஆண்டுகளாவது அவ்வளவோ அதற்கு மேலோ வரும் என்று அர்த்தம். குறைந்தால் எல்லாரும் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. கூடினால் அது யாருக்கு என்று தனிப் பங்கீடு எழுதவில்லை. அந்த உபரியைத்தான் கர்நாடகம் மேகதாதுவில் பிடிக்கப் பார்க்கிறது. தமிழ்நாடும் சும்மா இல்லை. காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது வெள்ள நீரைத் தெற்கே திருப்பத்தான். உடனே கர்நாடகம் எதிர்த்தது. உபரியின் மீது தமிழ்நாடு உரிமை ஏற்படுத்திக்கொள்கிறது என்று நீதிமன்றம் வரை போனது.

மேலே இருப்பவர் கீழே கட்டுவதை எதிர்ப்பதா என்று சிரிக்க வேண்டாம். அதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு உபரியை நம்பி ராமநாதபுரம் வரை நிலம் பாசனம் பெற்றுவிட்டால், இருபது வருடம் கழித்து 'இது எங்கள் நீண்டகாலப் பயன்பாடு' என்று அதற்கும் உரிமை கேட்கலாம். பழைய பயன்பாட்டைக் காட்டி உரிமை கேட்பது காவிரியில் நம் பக்கத்தின் ஆதி வாதமே. கீழே இருப்பவரும் மேலே இருப்பவரின் எதிர்காலத்தை இப்படிக் கட்டிப்போட முடியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலும் இதே கதைதான். 1998-ல் கர்நாடகம் ஆட்சேபம் இல்லை என்றது, 2008-ல் அங்கே போராட்டம் கிளம்பியது, கடைசியில் 2013-ல் திட்டம் ஓடத் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் குடிநீருக்கு அவர்கள் தடை சொன்னது தப்பு என்றால், பெங்களூரின் 4.75-க்கு நாம் தடை சொல்வதும் அதே தப்புதான். தமிழ்நாடு சொல்ல வேண்டியது, 'குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள், 67 டிஎம்சி எதற்கு என்று சொல்லுங்கள்' என்பது.

வெள்ள நீர் கடலுக்குப் போவதைச் சொல்லிக் காட்டும்போதும் நாம் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. டெல்டா சமவெளி, மேட்டூருக்குக் கீழே இன்னொரு பெரிய அணைக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் இருக்கும் கட்டுமானங்களை நாம் பார்த்துக்கொண்ட லட்சணமும் தெரியும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டியது அது. பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு வந்த தண்ணீர் கண்ணெதிரே கொள்ளிடத்தில் ஓடிக் கடலுக்குப் போனது.

எத்தியோப்பியாவின் நைல் அணையை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நல்லது. 2011-ல் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்த அந்த அணையின் கொள்ளளவு 74 பில்லியன் கன மீட்டர். மேகதாது இரண்டு பில்லியன்கூட வராது. எகிப்தும் நம்மைப் போலவே பழைய ஒப்பந்தத்தைக் காட்டித்தான் ஆரம்பித்தது. 2015-ல் எகிப்து, சூடான், எத்தியோப்பியா மூன்றும் சேர்ந்து கொள்கைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பிறகு, அணை கூடாது என்ற பேச்சு பின்னால் போய்விட்டது. எத்தனை ஆண்டில் நிரப்புவது, தொடர்ந்து வறட்சி வந்தால் எவ்வளவு திறப்பது என்ற இரண்டே கேள்விகள் மிஞ்சின. அதற்கு எழுத்தில் பதில் வாங்காமலேயே அணை நிரம்பிவிட்டது. எகிப்து பல ஆண்டுகளை அணையே கூடாது என்பதில் செலவழித்திருக்காவிட்டால் அந்த இரண்டு கேள்விகளுக்கு இன்னும் நேரம் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

தமிழ்நாடு இப்போது மத்திய நீர்வள ஆணையத்தின் மேசையில் வைக்க வேண்டியதும் அதே மாதிரியான கேள்விகள்தான். முதல் நிரப்பல் எந்த ஆண்டில், எந்த மாதத்தில்? கேஆர்எஸ், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கிலும் இருப்பு இவ்வளவுக்குக் கீழே இருந்தால் மேகதாதுவில் ஒரு சொட்டும் தேக்கக் கூடாது என்ற வரம்பு உண்டா? ஜூன், ஜூலையில் சிம்ஷா, அர்க்காவதி, சுவர்ணவதி வழியாக வருவதை அப்படியே கீழே கடத்த வேண்டும் என்று எழுதித் தருவார்களா? மின்சாரத் தேவைக்கு நீர் விடும் நேரமும் பாசனத்துக்கு வேண்டிய நேரமும் மோதினால் எது முந்தும்? மதகை இயக்குவது கர்நாடக நீர்ப்பாசனத் துறையா, மேலாண்மை ஆணையமா? 1990-களில் இதே இடத்தையும் சேர்த்து மத்திய அரசு நிறுவனம் மூலம் நீர்மின் திட்டங்கள் கட்டலாம் என்ற பேச்சு வந்து, யார் கட்டுவது என்பதிலேயே முறிந்துபோனது. மூன்றாவது கை மதகில் இருப்பதைக் கர்நாடகம் விரும்பாது என்பதற்கு அதுவே சாட்சி.

என் கணிப்பு: இந்தக் கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தரச் சொன்னால் 67 டிஎம்சி தானாகச் சுருங்கும். காலிப் பாத்திரமாக வைத்திருக்க வேண்டிய மாதங்கள் கூடக் கூட, மின்சார வருமானம் குறையும். 9,000 கோடி போட்டு எழுப்பிய அணை ஜூன், ஜூலையில் வெறும் வழிவிடும் கதவாக நிற்கும் என்றால், அவர்களுடைய நிதித் துறையே அந்தச் செலவைக் கேள்வி கேட்கும். குடிநீருக்கு மட்டும் என்றால் சிறிய தேக்கம் போதும், அதை எதிர்க்கத் தமிழ்நாட்டுக்குக் காரணம் இருக்காது. பெரிய அணையைத்தான் கட்டுவோம், ஆனால் இயக்க விதிகளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றால், அந்த 67 எதற்காக என்று வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

எனவே திட்ட அறிக்கை பொதுவெளிக்கு வரும்போது அணையின் உயரத்தையும் செலவையும் பார்ப்பதற்கு முன்னால், நீர்த்தேக்க இயக்க அட்டவணை என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். ஜூன் முதல் தேதிக்கு நேராக அதில் என்ன இருப்பு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.